கியாஃப்க் 200

எங்கள் வீட்டில் ஒரு டீ சேர்ட் சாவதற்கு ஏழெட்டு வருடம் பிடிக்கும். வாங்கிய வருடம் தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வரும். மறுவருடம் பதுளை டவுனுக்கு. அதற்கு அடுத்த வருடம் வீட்டோடு நின்றுவிடும். கழுத்து தொளதொளத்ததும் தோட்டத்தில் இருக்கும் மச்சானுக்கு இடமாற்றம். அவர் அதைப் போட்டுக்கொண்டு போஞ்சிக்கு மருந்தடிப்பார். அங்கிருந்து உயிரோடு திரும்பினால் கரித்துணி. அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கும் உத்தியோகம் அது. பிறகு வாசலில் மிதிதுணி. அப்படி ஆறு மாதம் மிதிபட்டு, கடைசியில் மோட்டார் சைக்கிள் செயினைத் துடைத்த அன்றுதான் அதற்குக் காரியம் முடியும். இவ்வளவு காலம் உழைத்தும் எந்த டீ சேர்ட்டுக்கும் இதுவரை ஈ.பி.எப். கிடைத்ததில்லை.

போன மார்கழியில் ஒரு நாள் என் மனைவி கத்தரிக்கோலும் கையுமாக நின்றாள். அவள் பிடித்திருந்த வெள்ளை டீ சேர்ட்டுக்கு இன்னும் மருந்தடிக்கும் வயதுகூட வரவில்லை. நேராகக் கரித்துணிக்கு அனுப்பப் பார்த்தாள்.

"அத விட்டுரு" என்றேன்.

"ஏன்? இத போட்டுக்கிட்டு எங்க போகப் போறீங்க? போற எடமெல்லாம் வெளக்கம் சொல்லணும்."

அது உண்மைதான். அந்த டீ சேர்ட்டின் நெஞ்சில் தேயிலைப் பச்சை நிறத்தில் ஆறு ஆங்கில எழுத்துகள் இருந்தன. கே, ஐ, வை, ஏ, எஃப், கே. அவற்றுக்கு வலப்பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. கீழே பெரிதாக 200.

அது என்னவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அது 'மலையகம் 200'.

இந்தியாவிலிருந்து எங்கள் ஆட்கள் இந்த மலைகளுக்கு வரத் தொடங்கி 200 வருடம் ஆனதை 2023ஆம் ஆண்டு மலையகம் முழுவதும் நினைவுகூர்ந்தார்கள். தலைமன்னாரில் ஜூலை 28ஆம் திகதி தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. எங்கள் பாட்டன் பூட்டன் காடு மேடாக நடந்து வந்த வழி அது. அவ்வளவு தூரம் நடக்க எங்களால் முடியாது என்பதால், பசறைப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்வலமும் கூட்டமும் வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று. லெப்டொப் வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். செயலாளரின் முதல் வேலை 60 டீ சேர்ட் அடிப்பது. ஒன்று 950 ரூபாய். அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய். 2021இல் சம்பள நிர்ணய சபை வைத்த கணக்கு. ஆக, ஒரு டீ சேர்ட் என்பது ஏறத்தாழ ஒரு பேர். விடியப் பெரட்டுக்குப் போய், அட்டைக் கடியோடு மலையில் நின்று, மாலையில் கொழுந்து நிறுத்து முடித்த பிறகு செக்ரோலில் விழுகிற அந்த ஒரு பேர்.

அந்த ஒரு பேரைத்தான் நான் பாமினியில் அடித்து அனுப்பினேன்.

இலங்கையில் தமிழ் தட்டச்சுச் செய்து பிழைக்கிற யாருக்கும் பாமினி வீட்டுப் பிள்ளை மாதிரி. யூனிகோட் வந்து எத்தனையோ வருடமாகியும் வினாத்தாளும் கலியாணக் காட்டும் இன்னமும் பாமினியில் அடிபடுகின்றன. அந்த எழுத்துருவின் சூட்சுமம் சின்னது. கணினிக்குள் போவது ஆங்கில எழுத்து. பாமினி அதற்குத் தமிழ் வேஷம் கட்டிக் காட்டும். கே தட்டினால் 'ம'. வை தட்டினால் 'ல'. ஏ தட்டினால் 'ய'. எஃப் தட்டினால் 'க'. ஐகாரக் கொம்புக்கு ஐ. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைக்க அரைப்புள்ளி விசை. பாமினி இல்லாத கணினியில் அதே பைலைத் திறந்தால் வேஷம் கலைந்து, கூத்து முடிந்த விடியற்காலையில் ராஜா பீடி குடிப்பது மாதிரி, ஆங்கில எழுத்துகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இலக்கங்களுக்கு மட்டும் வேஷம் கிடையாது. அதனால்தான் 200 ஒழுங்காக விழுந்தது.

அச்சடித்த கடையைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே இருந்த பொடியனுக்குத் தமிழ் தெரியாது. ஏதோ வெளிநாட்டுக் கம்பனியின் பெயர் என்று நினைத்திருப்பான். அவன் தன் கடமையைச் செய்யத்தான் பார்த்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் எடுத்து, கடைசியில் ஒரு புள்ளி மாதிரி வருகிறதே, அது வேண்டுமா, எடுத்துவிடவா என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குள் இருந்த தமிழாசிரியன் எழுந்து உட்கார்ந்தான். புள்ளியை எடுத்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும், மலையகம் 'மலையகம' ஆகிவிடும், எது போனாலும் புள்ளி போகக் கூடாது என்று பாதிச் சிங்களத்தில் பத்து நிமிடம் பாடம் நடத்தினேன். பாவம், சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். 60 டீ சேர்ட்டிலும் அந்த அரைப்புள்ளி பளிச்சென்று விழுந்திருந்தது.

பெட்டியைத் திறந்தது கூட்டத்துக்கு முதல் நாள் இரவு. தலைவர் ஒன்றை எடுத்து விரித்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். போட்டுப் பார்த்தார்.

"சேர், இது என்ன பாஷை?"

அதற்குள் ஒரு பொடியன் வாசித்துவிட்டான். "கியாஃப்க் 200! பல்சர் 200 மாதிரி புது பைக்குங்களா சேர்?"

மறுபடி அடிக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. ஒரு பேர் கொடுத்தவர்கள் சும்மா விடுவார்களா? 60 பேரும் போட்டுக்கொண்டு நடந்தார்கள். கொடி பிடித்துக்கொண்டு, தப்படித்துக்கொண்டு, இருநூறு வருட வரலாற்றை நெஞ்சில் யாருக்கும் புரியாமல் சுமந்துகொண்டு பசறை ரோட்டில் அறுபது கியாஃப்க்குகள் போயின. வழியில் பாதுகாப்புக்கு நின்ற பொலிஸ்காரர், இது எந்தக் கம்பனியின் விளம்பரம் என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் கியாஃப்க் சேர். வகுப்பில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்வாங்கிலிருந்து ஒரு 'க்' மட்டும் கேட்கும், எலி தும்முவது போல.

இப்படிப்பட்ட டீ சேர்ட்டைக் கரித்துணி ஆக்குவதற்கு என் மனைவி சொல்லும் நியாயம் எனக்கும் விளங்காமலில்லை. ஆனால் அதற்கு முந்திய மாதம் நான் எல்லவுக்குப் போயிருந்தேன்.

எல்லவில் என் சித்தப்பா மகன் நாலு அறை கட்டி டூரிஸ்ட்காரர்களுக்கு விடுகிறான். எல்ல இப்போது பாதி ஊர், பாதி டீ சேர்ட் கடை. கடைக்குக் கடை ஒன்பது வளைவுப் பாலம் அச்சடித்துத் தொங்குகிறது. 1921இல் இரும்புக் கம்பி வைக்காமல் செங்கல்லாலும் கல்லாலும் சீமெந்தாலும் எழுப்பிய பாலம். ரயில் ஏறியும் நெளியவில்லை. துணியில் அச்சடித்த பாலம் மூன்று முறை துவைத்தால் எட்டு வளைவாகிவிடுகிறது. அன்று நான் போட்டிருந்தது கியாஃப்க். தம்பியின் வீட்டு வராந்தாவில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அமெரிக்க அம்மா, சின்னச் சின்னத் துண்டுத் துணிகளை மடியில் பரப்பி ஊசியால் கோத்துக்கொண்டிருந்தார். என் நெஞ்சை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எந்த யூனிவர்சிட்டி?" என்று கேட்டார்.

கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தூக்கி எறிந்துவிடாதே, நடுவில் அதை வைத்துச் சுற்றிவரத் துணி ஒட்டித் தைத்துச் சுவரில் மாட்டு என்றார். அவர்கள் நாட்டில் பழைய டீ சேர்ட்டுகளை அப்படித்தான் செய்வார்களாம். பள்ளிக்கூடம், விளையாட்டுக் குழு, ஓடிய மரதன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு போர்வை. அது வேடிக்கைக்கு மட்டுமில்லை என்றும் சொன்னார். எயிட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக அவரவர் வீட்டு ஆட்களும் நண்பர்களும் தைத்த துணிகளை 1987 அக்டோபர் 11ஆம் திகதி வாஷிங்டன் திடலில் விரித்தார்கள். 1,920 துணிகள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு சவக்குழியின் அளவு. செத்தவர்கள் போட்ட டீ சேர்ட்டையும் ஜீன்ஸையும் அதில் வைத்துத் தைத்திருந்தார்கள். அன்றிரவு ரயிலில் பதுளைக்குத் திரும்பும்போது என் நெஞ்சில் இருந்தது அவ்வளவு சிரிப்புக்குரிய சமாசாரமாகத் தெரியவில்லை. காலையில் கண்ணாடியில் பார்த்தபோது மறுபடி சிரிப்பாகிவிட்டது.

அந்த அம்மா ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்திருந்தார். மூன்று அடுக்கு: மேலே டீ சேர்ட், நடுவில் மெத்தென்று ஏதாவது, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அவ்வளவுதான். பார்க்க மசாலா ரொட்டி மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று கணக்குப் போட்டேன்.

நடு அடுக்குக்கு விற்கிற பஞ்சு விரிப்பின் விலையைக் கேட்டதும் அம்மாவின் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. உள்ளே அப்பாயியின் கம்பளி இருந்தது. நமுனுகுலப் பக்கத்து மலையில் மழைக்கும் குளிருக்கும் அப்பாயியும் மற்றப் பெண்களும் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொழுந்தெடுத்த கறுப்புக் கம்பளி. தோட்டத்தில் கொடுப்பார்கள், கொடுத்துவிட்டுக் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள் என்று அப்பாயி சொல்வார். ஆடு போன பின்னும் ஆட்டு வாசம் போகாத கம்பளி அது. அதோடு புகை வாசம், மழை வாசம், பழைய சாய வாசம். விரித்த உடனே அறைக்குள் ஒரு லயமே வந்து நின்ற மாதிரி இருந்தது. நான் இரண்டு தும்மல் போட்டேன். அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஒங்க அப்பாயி வந்துட்டா" என்றார்.

அடித்துணிக்கு அம்மாவே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அமெரிக்கன் மா துணிப் பையில் வந்த காலத்துத் துணி. அந்தப் பைகளைச் சோடா போட்டு அவித்து வெளுத்து, தலையணை உறை, பாவாடை, எங்களுக்குக் காற்சட்டை எல்லாம் தைத்துவிடுவார்கள். எவ்வளவு அவித்தாலும் பையில் அச்சடித்த எழுத்து முழுதாகப் போகாது. இரண்டாம் வகுப்பில் நான் குனியும்போதெல்லாம் நிகர எடை எத்தனை கிலோ என்பது பின்வாங்குக்குத் தெரியும். அதாவது, உடம்பில் புரியாத ஆங்கிலத்தோடு திரிவது எனக்கு 2023இல் தொடங்கியதல்ல.

"என்னா சாமி செய்யப் போற இதுல?" என்று அம்மா கேட்டார்.

"சுவர்த் தொங்கல் அம்மா."

அம்மாவுக்குத் தொங்கல் என்றால் லயத்தின் கோடி வீடு. "யாரு வீட்டு தொங்கலு?" என்றார். சுவரில் மாட்டுகிற துணி என்று விளக்கினேன். போட்டுக்கொள்ளவும் இல்லை, போர்த்திக்கொள்ளவும் இல்லை, மூன்று துணியைச் சேர்த்துத் தைத்து ஆணியில் மாட்டப் போகிறேன் என்று கேட்டதும் அம்மா ஒன்றும் பேசவில்லை. என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

தையலுக்கு என் தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவள் கட்டுநாயக்கா வலயத்தில் ஒரு கார்மெண்டில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். 1978இல் தொடங்கிய அந்த வலயத்துக்கு எங்கள் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். லயத்தில் பிறந்து லைனுக்குப் போனவர்கள். கார்மெண்டிலும் லைன்தான், வரிசையாக மெஷின், ஆளுக்கு ஒரு வேலை. என் தங்கச்சிக்கு வாய்த்தது இடக்கை. ஆறு வருடமும் அவள் டீ சேர்ட்டின் இடக்கையை மட்டும்தான் தைத்தாள். வலக்கை பக்கத்து மெஷின். கழுத்து யாரென்றே தெரியாது. அவள் கலியாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த மெஷினில் அவள் தைத்த முதல் சட்டைக்கு இடக்கை கம்பனிக் கை மாதிரி இருந்தது. மற்றதெல்லாம் நான் தைத்த மாதிரி இருந்தது.

அவள் வந்ததும் டீ சேர்ட்டை மேசையில் விரித்து, இடக்கைத் தையலைத் தடவிப் பார்த்து, "நல்ல தையல்" என்றாள். பிறகு சந்தோஷமாக அந்தக் கையை வெட்டிப் போட்டாள்.

வெட்டியதும்தான் பிரச்சினை ஆரம்பம். டீ சேர்ட் என்பது நெய்த துணி இல்லை, பின்னிய துணி. ஸ்வெட்டர் மாதிரி கண்ணி கண்ணியாகப் பின்னியது, நூல் மட்டும் மெல்லியது. உடம்பில் இருக்கும்வரை அது சாது. வெட்டிவிட்டால் ஓரமெல்லாம் அப்பளம் பொரிகிற மாதிரி சுருளும். இழுத்த பக்கம் இழுபடும். பதினான்கு அங்குலச் சதுரமாக வெட்டியது ஐந்து நிமிடத்தில் மாம்பழ வடிவத்துக்கு வந்தது. தங்கச்சி நேராக்க இழுத்தாள். நான் மறுபக்கம் இழுத்தேன். கியாஃப்க் என்பது கி-யா-ஆ-ஃப்க் என்று நீண்டது.

பதுளை டவுனில் தையல்கடை வைத்திருக்கும் நானா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அதை இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைப் பார்ப்பது போல் பார்த்தார். "மாஸ்டர், முதல்ல பின்பக்கம் இத ஒட்டுங்க" என்று சேர்ட் கொலருக்குள் வைக்கிற விறைப்புத் துணியில் அரை யார் வெட்டிக் கொடுத்தார். ஒரு பக்கம் பசைப் பொடி இருக்கும். அதைத் துணியின் பின்புறத்தில் வைத்து அயர்ன் பண்ணினால் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு துணி நெளியாது. ஓரத்துக்கு வைக்க அவர் கடையில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். காசு வேண்டாமாம். எங்கே மாட்டினாலும் தன் கடைப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்பது மட்டும்தான் நிபந்தனை.

பின்பக்கம் என்று நானா சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் அயர்ன் பண்ணும்போது எது பின்பக்கம் என்பதில் எனக்கு ஒரு சின்ன மயக்கம் ஏற்பட்டது. டீ சேர்ட்டில் அச்சடிக்கும் அந்தத் தடித்த மை பிளாஸ்டிக் சேர்ந்தது. சூட்டில்தான் அது துணியில் பிடிக்கிறது. மறுபடி சூடு கண்டால் மறுபடி இளகும். நான் பெட்டியை வைத்து ஒரு நிமிடம் நிதானமாக அழுத்திவிட்டு எடுத்தேன். எழுத்து வரிசையில் எஃப்பின் பாதியைக் காணவில்லை. துணியில் தேடினேன், மேசையில் தேடினேன். மறுநாள் காலை என் மகளின் வெள்ளைச் சீருடைக் கொலரில் அது கிடைத்தது. தேயிலைப் பச்சையில், அரை எஃப். அவள் கிளாஸ் டீச்சர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு வந்த கணித விடைத்தாளில் அவளுக்கு 38.

பாதி போன எஃப்பைத் தங்கச்சி பச்சை நூலால் சங்கிலித் தையல் போட்டு நிரப்பினாள். பக்கத்தில் நின்று நான் சொன்ன யோசனைகளுக்கு அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "அண்ணே, எங்க சுப்பவைசர்கூட இவ்வளவு பேச மாட்டாரு."

சுற்றிவர ஓரத் துண்டுகள். மூன்று அங்குல அகலம். நானாவின் பையில் இருந்தவை, அம்மாவின் கொழுந்துச் சேலையில் ஒரு கரை, மகளின் கொலர் போன சீருடை, பல வருட மே தினங்களில் பல கட்சிக்காரர்கள் தலையில் கட்டிவிட்ட பல நிறத் துணிகள். இந்த ஒட்டுப்போடும் வித்தை எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முத்தியங்கனை விகாரைப் பக்கமாக நடந்து வரும்போது எனக்கு முன்னால் போன பிக்குவின் முதுகைப் பார்த்தேன். அந்தச் சீவரம் முழுக்கத் துண்டு துண்டாகத் தைத்தது! மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் ஆனந்தருக்குக் காட்டி, இந்த மாதிரி அங்கி தைக்க முடியுமா என்று புத்தர் கேட்டதாக விநய பிடகத்தில் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் பக்கத்தில் நின்று பார்த்த துணி. ஒரு நாளும் தையலைக் கவனித்ததில்லை. மழைக்கால வாசம் முடிந்து கொடுக்கும் கடின சீவரத்தை ஒரே நாளுக்குள் வெட்டித் தைத்துச் சாயமும் போட்டு முடிக்க வேண்டுமாம். எங்களுக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது. சாயம் போடாமலே.

மூன்று அடுக்கையும் சேர்த்து மெஷினில் கொடுத்த அன்று ஊசி முறிந்தது. புது ஊசி போட்டோம், அதுவும். மூன்றாவது ஊசி முறிந்து எங்கேயோ பறந்தது, நாங்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். அப்பாயியின் கம்பளி வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்தது, மழையைப் பார்த்தது. ஒரு மெஷினுக்கு வளைந்து கொடுக்குமா? தங்கச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் அவளுக்குத் தெமோதரைக் கதை சொன்னேன். எங்கள் ரயில் பாதை 1924இல் பதுளைக்கு வந்து சேர்வதற்கு முன்பு, தெமோதரையில் மலை செங்குத்தாக நின்று மறித்தது. ரயிலை எப்படி இறக்குவது என்று எஞ்சினியர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டினாராம். துணி சுற்றிவந்து தன் மேலேயே ஏறுவதைப் பார்த்துத்தான் பாதையை வளையமாகப் போட்டார்கள் என்று இங்கே சொல்வார்கள். இன்றைக்கும் ரயில் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி வந்து, அதே ஸ்டேஷனுக்கு நேர் அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. அந்தக் கங்காணிக்கு அதற்காக ஒரு அரைப்பேராவது போட்டார்களா என்பது கதையில் இல்லை.

"அதுக்கு?" என்றாள் தங்கச்சி.

அதுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அறையின் மூலையிலிருந்து அம்மா கேட்டார், "மெத்தைக்கு முடிச்சு போடுவாங்களே, அந்த மாதிரி போட்டா என்னா?" இலவம்பஞ்சு மெத்தையில் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்காமல் இருக்க, கோணி ஊசியால் மேலிருந்து அடிவரை குத்தி எடுத்து முடிச்சுப் போடுவார்கள். பிறகு அமெரிக்க அம்மாவின் தாளைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் அவரும் அதையேதான் எழுதியிருந்தார்: தடிப்பாக இருந்தால் தைக்க வேண்டாம், நாலு அங்குலத்துக்கு ஒரு முடிச்சுப் போடு. தாளுக்குப் பின்புறம் உண்டு என்பது எனக்கு இந்த விவகாரத்தில் தொடர்ந்து மறந்துபோய்க்கொண்டிருந்தது. கோணி ஊசியை அம்மாவே வாங்கிக்கொண்டார். மலையில் அறுபது வயதுவரை கொழுந்து கிள்ளிய விரல். கம்பளிக்குள் ஊசி வெண்ணெயில் போவது மாதிரி போயிற்று.

கடைசி வேலை, பின்புறத்தில் மேல் ஓரமாக ஒரு குழாய் மாதிரித் துணி தைத்து அதற்குள் தடி செருகுவது. அந்தக் குழாய்க்குத் தாளில் 'ஸ்லீவ்' என்று எழுதியிருந்தது. தங்கச்சியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "கையா? கை போடணும்னு மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்று மெஷினை இழுத்துப் போட்டாள். மாத்துணியை மடித்தாள், ஓரத்தைத் திருப்பினாள், கண் மூடித் திறப்பதற்குள் தைத்து எறிந்தாள். ஒரு நூல் பிசகவில்லை. மணிக்கு எத்தனை வேண்டும் என்று அவள் கண் கேட்டது. ஒரு சுவர்த் தொங்கலுக்கு ஒரு கைதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தடிக்கு மிலாறுக் கட்டிலிருந்து நேரான குச்சி ஒன்று தேடினேன். நூறு வருடத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி எடுத்த குச்சியில் நேரானது என்று ஒன்று உலகத்தில் கிடையாது. இருந்ததில் ஒழுங்கான கோணலைச் செருகி, ஹோலில் மழைக்காலம் வந்தால் சுவரில் ஈரம் பூக்கிற இடமாகப் பார்த்து ஆணியடித்து மாட்டினேன். ஊவாவுக்கு வடகீழ்ப் பருவ மழைதான் வீடு வரை வரும். ஐப்பசியிலிருந்து தை வரை அந்தச் சுவரில் புதுப் புதுத் தேசப்படம் விழும். இப்போது தேசப்படம் மறைந்தது. ஈரக் காற்று பட்டால் கம்பளி வாசம் ஹோல் முழுக்கப் பரவும். வருகிறவர்கள் மூக்கைச் சுளித்துச் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். அவர்கள் பார்வை சுவருக்குப் போவதற்குள் அம்மா முந்திக்கொள்வார்.

"மலையகம்னு எழுதியிருக்கு. எங்க சின்னவன் செஞ்சது."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சம்பளத்துக்குப் பெருவிரல்தான். முதல் நாளே, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். மலையகம் என்று சொன்னேன். அதோடு விஷயம் முடிந்தது. வந்த விருந்தாளிகள் கே என்றும் எஃப் என்றும் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து, "ஆமாங்கம்மா, நல்லா இருக்கு" என்பார்கள். சுவரில் உள்ளதைத் தடுமாறாமல் வாசிக்க எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரால்தான் முடிந்தது.

போன மாதம் தவணைப் பரீட்சை வினாத்தாள் கொண்டுவந்து கொடுக்க டைப்பிங் கடைப் பொடியன் வந்தான். தேத்தண்ணி ஆறும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாதாரணமாக, பஸ் போர்ட் வாசிப்பது போல வாசித்தான்.

"மலையகம 200."

தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். "எப்பிடிப்பா வாசிச்ச?"

"இதென்ன சேர், நாள் பூரா இதைத்தானே அடிக்கிறோம். பாமினி இல்லாட்டியும் வெளங்கும்." சொல்லிவிட்டு எழுந்து கிட்டே போய்ப் பார்த்தான். "ஆனா சேர், புள்ளிய விட்டுட்டீங்களே. மலையகம-னு இருக்கு."

நானும் கிட்டே போனேன். கடைசிக் கேக்குப் பிறகு அரைப்புள்ளி இல்லை. பதினான்கு அங்குலச் சதுரத்தில் தையலுக்கென்று விட்ட கால் அங்குலத்துக்குள், மே தினத் துணிக்கு அடியில், 60 டீ சேர்ட்டிலும் நான் போராடிக் காப்பாற்றிய அந்தப் புள்ளி மடிந்து உள்ளே போயிருந்தது. விரலால் தடவினால் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. பிரித்து எடுக்கலாமா என்று கேட்டேன். கம்பளியை நினைத்து மூன்று பேரும் பேசாமல் நின்றோம்.

"என்னா இல்லங்குறான் பொடியன்?" என்றார் அம்மா.

"புள்ளி இல்லையாம்."

என் மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அறைக்குள் போய், நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் இரவு கழற்றி ஒட்டிவைக்கிற ஸ்டிக்கர் பொட்டுகளில் ஒன்றைப் பிய்த்தெடுத்து வந்து, கடைசிக் கேயின் தலைக்கு மேலே அழுத்தி ஒட்டினாள்.

"இப்ப?"

பொடியன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "இது பாமினியிலயும் இல்ல, யூனிகோட்லயும் இல்ல. ஆனா மலையகம்தான்."

சுவர் ஈரத்துக்குப் பொட்டு நாலைந்து நாளைக்கு மேல் நிற்பதில்லை. விழுந்தால் இன்னொன்று. இந்த வாரம் மெரூன்.